சாயத்துக்கு ரெசிபி இருக்கிறது, சர்வருக்கு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காலையில் உங்கள் நாளிதழ் வந்ததும் நான் முதலில் திருப்புவது ‘நாளைய மின்தடை’ வரும் உள்பக்கத்தைத்தான். பதினேழு வருஷப் பழக்கம் இது. அவிநாசியா, பெருமாநல்லூரா, பல்லடமா, சோமனூரா, எந்தப் பக்கம் பராமரிப்புப் பணி என்று பார்த்த பிறகுதான் டீ டம்ளரைக் கையில் எடுப்பேன். நான் சிஸ்டம் அட்மின். திருப்பூர் சுற்றுவட்டாரத்தில் ஒன்பது இடங்களில் சர்வர், அதாவது கம்பெனியின் பில்லும் ஸ்டாக்கும் ஓடும் பொதுக் கம்ப்யூட்டர், பார்த்துக் கொடுக்கிறேன். நிட்டிங் இருக்கிறது, சாயப்பட்டறை இருக்கிறது, பிரிண்டிங் இருக்கிறது, இரண்டு ஏற்றுமதி கம்பெனிகளும் உண்டு. காலையில் ஓர் ஊர், மதியம் ஓர் ஊர் என்று ஸ்கூட்டரில் சுற்றுகிற பிழைப்பு. மாதாந்திர ஷட் டவுன் முடிந்து கரண்ட் வரும் அந்த மாலை நேரம்தான் எங்களுக்குப் பரீட்சை.

அப்படிப்பட்ட ஒரு மாலையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நம் பகுதி முதலாளிகளும் கல்லூரிக்காரர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். தவறு அவர்களுடையது மட்டும் இல்லை, நான் போய்ப் பார்த்த பெரும்பாலான இடங்களில் இதே கதைதான்.

அங்கே அதற்கு முன் வேலை பார்த்த தம்பி பெங்களூருக்குப் போய்விட்டார். நான் பொறுப்பேற்று மூன்று வாரம்கூட ஆகவில்லை. அன்று காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை ஷட் டவுன். ஜெனரேட்டர் லைன் மெஷின்களுக்கு மட்டும்தான், அலுவலகப் பக்கம் யு.பி.எஸ். மட்டுமே. அது ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்துவிட்டு உயிரை விட்டது. சர்வரும் நின்றது. மாலையில் கரண்ட் வந்ததும் சர்வர் தானாகவே எழுந்து ஓட ஆரம்பித்தது. பில் போடும் சாஃப்ட்வேர் திறந்தது, ஸ்டாக் என்ட்ரி ஓடியது. எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரிந்தது. ஐந்தரை மணிக்கு ஏற்றுமதி சரக்குக்கு இ-இன்வாய்ஸ் (அரசின் போர்ட்டலில் பதிவாகும் பில்) போட்டபோது, ஜி.எஸ்.டி. போர்ட்டலோடு தொடர்பு கிடைக்கவில்லை என்று வந்தது. தூத்துக்குடி போக வேண்டிய லாரி அட்டைப்பெட்டிகளோடு கேட்டுக்குள் நிற்கிறது. பில் நம்பர் வந்தால்தான் லாரியோடு போக வேண்டிய இ-வே பில், இ-வே பில் இருந்தால்தான் லாரி நகரும். கப்பலுக்குச் சரக்கு ஒப்படைக்க மறுநாள் கடைசி.

அடுத்த மூன்று மணி நேரம் நடந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா இடத்திலும் இதே வரிசையில்தான் நடக்கும். முதலில் போர்ட்டல்மேல் பழி போட்டார்கள். அக்கவுண்ட்ஸ் பொண்ணு தன் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் போர்ட்டல் நன்றாகத் திறக்கிறது. அடுத்து இன்டர்நெட் கம்பெனிக்கு போன். அவர்கள் லைன் சரியாக இருக்கிறது என்றார்கள். பிறகு சர்வரை நிறுத்தி நிறுத்தி மூன்று முறை ஆன் பண்ணினார்கள். பில்லிங் சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடி போடலாமா என்றுகூட ஒருவர் கேட்டிருக்கிறார். நல்லவேளையாக யாரோ தடுத்துவிட்டார்கள். பல்லடத்தில் வேறொரு வேலையில் மாட்டியிருந்த நான் வந்து சேர எட்டரை மணி ஆகிவிட்டது.

நான் செய்தது பெரிய வித்தை எதுவும் இல்லை. லாக்கை, அதாவது நடந்ததையும் பிழைகளையும் சர்வர் தானே எழுதி வைக்கும் குறிப்பை, திறந்து படித்தேன். தளம் உண்மையானதுதான் என்று காட்டும் போர்ட்டலின் பாதுகாப்புச் சான்றிதழ் ‘இன்னும் செல்லுபடியாகும் நாள் வரவில்லை’ என்ற பொருளில் ஒரு வரி திரும்பத் திரும்ப இருந்தது. சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது என்று வந்தால் பெரும்பாலும் அவர்கள் பக்கம் தப்பு. நாள் இன்னும் வரவில்லை என்றால் நம் பக்கம் தப்பு, நம் கடிகாரம் பின்னால் நிற்கிறது என்று அர்த்தம். ‘டேட்’ என்று ஆங்கிலத்தில் நான்கெழுத்து தட்டினேன். சர்வர் 2019-ஆம் ஆண்டில் இருந்தது.

மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசுபோல ஒரு பேட்டரி இருக்கும், சி.ஆர். 2032 என்று பெயர். சுவர்க் கடிகாரக் கடையிலேயே ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது செத்துப்போயிருந்தது. சரி, செத்தால் என்ன, இன்டர்நெட்டிலிருந்து நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும் ‘க்ரோனி’ என்ற சேவை அந்த சர்வரின் இயங்குதளமான லினக்ஸில் இருக்கிறதே என்று பார்த்தால், அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நேரம் கேட்டுப் போகும் வாசலான 123-ஆம் போர்ட்டை, வேண்டாத தொடர்பைத் தடுக்கும் ஃபயர்வால் அடைத்திருந்தது. கேள்வி வெளியே போகவே இல்லை. போர்ட்டைத் திறந்து, சேவையை ஒருமுறை நிறுத்தி எழுப்பினேன். நேரம் சரியானது. இரண்டு நிமிஷத்தில் இ-இன்வாய்ஸ் நம்பர் வந்தது. ஒன்பதேகாலுக்கு லாரி கிளம்பியது.

அதோடு முடியவில்லை. நாலு மணியிலிருந்து எட்டரை வரை போட்ட துணி வரவு, நூல் செலவு எல்லாம் பழைய நிதியாண்டுத் தேதியில் போய் உட்கார்ந்திருந்தன. அவற்றைத் தேடிப் பிடித்துத் திருத்த இரண்டு முழு நாள் ஆனது.

என் மனதை அரித்தது வேறு. அந்த பேட்டரி அன்றுதான் செத்ததா? அப்படியென்றால் சரி. முன்னமே செத்திருந்தால், போன மாதம், அதற்கு முந்தின மாதம் என்ன நடந்தது? ராத்திரி பத்து மணிக்கு அந்தத் தம்பிக்கு போன் போட்டேன். நல்ல பையன், உடனே எடுத்தார். “ஆமாங்க்கா, அது ரொம்ப நாளா அப்பிடித்தான். ஷட் டவுன் அன்னிக்குச் சாயங்காலம் நான் போய் மொதல்ல டேட் அடிச்சிருவனுங்க. பழகிப்போச்சு. உங்ககிட்டச் சொல்லோணும்னே தோணலீங்க்கா” என்றார். இரண்டு வருஷத்துக்கு மேலாக, மாதம் தவறாமல், ஒரு மனிதர் தன் விரலால் அந்தக் கம்பெனியின் நேரத்தை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். முதலாளிக்குத் தெரியாது, அக்கவுண்ட்ஸுக்குத் தெரியாது, எந்த நோட்டிலும் இல்லை. அவர் பெங்களூர் பஸ் ஏறிய அன்றே அந்தக் கம்பெனியின் ஒரு உறுப்பு கழன்றுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. நானும் அப்படித்தான் இருந்தேன். 2012-ல் ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்த காலத்தில், எந்த சர்வரை எந்த வரிசையில் எழுப்ப வேண்டும், எழுந்ததும் எதைக் கையால் தட்டிவிட வேண்டும் என்று எல்லாம் என் தலைக்குள்தான் இருந்தன. அதை நான் திறமை என்று நினைத்தேன். என்னைக் கேட்காமல் ஒன்றும் ஓடாது என்பதில் ஒரு பெருமையும் இருந்தது. என் மகள் பிறந்த சமயத்தில், கோபி அரசு மருத்துவமனையில் படுத்துக்கொண்டே போனில் ஒருவருக்கு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி சர்வரை எழுப்ப வைத்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா, “அம்மிணி, உன்ர கம்பெனில வேற ஆளே இல்லீங்களா?” என்று கேட்டார். இருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்துகொள்ள ஒரு எழுத்துகூட நான் விட்டுவைக்கவில்லை.

மறுநாள் முதலாளியைப் பார்க்கப் போனேன். அவர் சாயப்பட்டறை லேபில் நின்றுகொண்டிருந்தார். பேச்சை எங்கே தொடங்குவது என்று யோசித்தபோது மேஜைமேல் இருந்த ரெசிபி கார்டு கண்ணில் பட்டது.

“ஏனுங்கண்ணா, டையிங் மாஸ்டர் நாளைக்கு வரலீன்னா இந்த நேவி ஷேடு வருமுங்களா?”

“ஏன் வராது அம்மிணி? அதான் கார்டு இருக்குதல்லொ. லேப்ல எந்தப் பையன் நின்னாலும் போட்ருவான்.”

“சர்வருக்கு அந்த மாதிரிக் கார்டு இருக்குதுங்களா?”

“அதுக்குத்தான உன்னைய வெச்சிருக்கறோம்.”

“எனக்குக் காச்சல் வந்தா லாரி நிக்குமுங்கண்ணா.”

அவர் கார்டை எடுத்துக் காட்டினார். சாயத்தொழில் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் போடும்போது துணியின் எடைக்கு எத்தனை சதவீதம் எந்தச் சாயம் என்று புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்வரை எழுதியிருப்பார்கள். லிட்டருக்கு எத்தனை கிராம் உப்பு, எத்தனை கிராம் சோடா, எப்போது போடுவது, 60 டிகிரியில் எத்தனை நிமிஷம், எத்தனை கழுவல், எல்லாம் அதில் இருக்கும். மூலையில் துணித்துண்டு ஒட்டியிருக்கும். பையர் ஆறு மாதம் கழித்து அதே ஷேடைக் கேட்டால் அந்தக் கார்டுதான் பேசும். ‘எனக்கு மனப்பாடம், எழுத வேண்டாம்’ என்று ஒரு மாஸ்டர் சொன்னால் அவரை யாரும் டேங்க் பக்கம் விடமாட்டார்கள். இத்தனை கட்டுப்பாடு உள்ள ஓர் ஊர், பில்லும் ஸ்டாக்கும் சம்பளமும் ஓடும் பெட்டியை மட்டும் ஒருவரின் ஞாபகத்தை நம்பி விட்டிருக்கிறது. முதலாளிக்கு அன்று புரிந்தது. “செரி, அந்தக் கார்டை எளுது. எத்தன நாளாகும்?” என்றார்.

பதினொரு நாள் ஆனது.

சர்வரை ஆள் கை படாமல் அமைக்கும் யோசனை புதிதில்லை. 1993-லேயே ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்ஜஸ் என்பவர் தம் துறையின் யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகப் போய்ச் சரிசெய்ய முடியாமல் ‘சிஎஃப்எஞ்சின்’ என்ற கருவியை எழுதினார். அவர் படித்தது இயற்பியல். பிறகு பல கருவிகள் வந்தன. நான் பயன்படுத்துவது 2012-ல் மைக்கேல் டிஹான் தொடங்கிய ‘அன்சிபிள்’. சிறிய நிறுவனங்களுக்கு இது ஏன் ஒத்துவருகிறது என்றால், காசு கொடுக்க வேண்டாம், சர்வரில் தனியாக எதையும் குடியேற்றவும் வேண்டாம். வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைய லினக்ஸில் வழக்கமாக இருக்கும் எஸ்.எஸ்.எச். வழியும் பைத்தான் மொழியும் இருந்தால் போதும். என் லேப்டாப்பில் சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்று. அதை ஓட்டினால் அதில் எழுதியபடி சர்வர் மாறிக்கொள்ளும்.

கோப்பில் என்ன எழுதுகிறோம் என்பதுதான் விசேஷம். ‘இதைச் செய், அதைச் செய்’ என்று கட்டளை எழுதுவதைவிட, சர்வர் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று எழுதுகிறோம். நேர மண்டலம் ஆசியா கொல்கத்தாவாக இருக்க வேண்டும். க்ரோனி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 123-ஆம் போர்ட் வெளியே போகத் திறந்திருக்க வேண்டும். கட்டிங் பிரிவுக்கு இந்த ஃபோல்டரைப் பார்க்க மட்டும் அனுமதி, மெர்ச்சண்டைசர்களுக்கு மாற்றவும் அனுமதி. ராத்திரி ஒன்றரை மணிக்கு பேக்கப் எடுக்க வேண்டும். அன்சிபிள் ஒவ்வொன்றாகப் பார்க்கும். ஏற்கெனவே அப்படியே இருந்தால் தொடாது, இல்லையென்றால் மாற்றும். ரெசிபி கார்டோடு ஒப்பிட்டேனே, இங்கேதான் அந்த ஒப்பீடு விலகுகிறது. ஒரே லாட் துணியை அதே ரெசிபியில் மறுபடி டேங்கில் போட்டால் இன்னும் கருத்துப் போகும். இதை நூறு முறை ஓட்டினாலும் சர்வர் அதே ஷேடில்தான் நிற்கும். அதனால் ஒவ்வொரு ஷட் டவுன் மாலையும் எல்லா சர்வர் மேலும் இதை ஒருமுறை ஓட்டுகிறேன். எதுவும் மாறவில்லை என்று வந்தால் நிம்மதி. ஏதாவது மாறியதாக வந்தால், யாரோ எதையோ கையால் தட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

கோப்புகளை ‘கிட்’ என்ற கருவியில் வைக்கிறோம். லினக்ஸை 1991-ல் எழுதத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ்தான் 2005-ல் இதையும் எழுதினார். யார், எந்தத் தேதியில், எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்று அத்தனையும் அதில் நிற்கும். போர்ட் திறந்த அந்த வரியின் பக்கத்தில், ‘ஷட் டவுனுக்குப் பிறகு தேதி பின்னால் போய் இ-இன்வாய்ஸ் நின்றது, அதற்காக’ என்று தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறேன். எனக்குப் பின்னால் வருபவருக்கு அந்த வரி ஏன் இருக்கிறது என்று தெரிய வேண்டும். இல்லையென்றால் பாதுகாப்பு என்று நினைத்து அவரே மறுபடி அடைத்துவிடுவார்.

நேரத்தைப் பற்றி இவ்வளவு பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவுப்படி, கணினி ஊடுருவல் போன்ற சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சர்வர்களின் கடிகாரங்கள் அங்கீகரிக்கப்பட்ட நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும். நம்மைப் போன்ற சிறு குறு நிறுவனங்களுக்கு அதே ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் தந்தார்கள். அதுவும் முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. 2019 என்று தேதி போட்ட லாக்கை வைத்துக்கொண்டு யாரிடம் என்ன நிரூபிக்க முடியும்? 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. அதற்குப் பின் கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் அளவுகளை எவ்வளவு கவனமாக எழுதி வைக்கப் பழகினோம்! அந்தக் கவனம் சர்வருக்கும் வர வேண்டும்.

பழுது பார்க்கும் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோப்பு எழுதிவிட்டால் பழுதே வராது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. பஞ்சு பறக்கும் நிட்டிங் ஹாலுக்குப் பக்கத்தில் சர்வர் வைத்திருந்தால் ஃபேனில் பஞ்சு அடைத்துச் சூடேறி நிற்கும். அதற்கு எந்தக் கோப்பும் உதவாது, மாதம் ஒருமுறை ப்ளோயரால் ஊத வேண்டும். வேறொரு இடத்தில் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், ஒரு பையன் பெரிய லாக் கோப்பை அழித்திருந்தான். அழித்தும் இடம் திரும்பவில்லை. காரணம், அந்தக் கோப்பில் எழுதிக்கொண்டிருந்த சேவை அதை இன்னும் விடாமல் பிடித்திருந்தது. வாடகைக்காரர் வாசல் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார், ஆனால் உள்ளே குடியிருக்கிறார் என்பது மாதிரி. எந்தச் சேவை பிடித்திருக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் நிறுத்தி எழுப்பினால் இடம் வந்துவிடும். அந்தப் பையன் பயந்துபோய் வேறு எதையெல்லாமோ அழிக்கத் தொடங்கியிருந்தான். பழுது வந்தால் முதலில் கையைக் கட்டிக்கொண்டு லாக்கைப் படிக்க வேண்டும், கடைசியாக எது மாறியது என்று கேட்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். ரீஸ்டார்ட் பண்ணினால் பிரச்சினை போகிறதோ இல்லையோ, பல நேரம் தடயம் போய்விடும்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோப்பு எழுதிப் பழகிய முதல் வருஷத்தில், ஃபயர்வால் விதி ஒன்றைத் தப்பாக எழுதி ஆறு சர்வர்களில் ஒரே நேரத்தில் ஓட்டிவிட்டேன். உள்ளே நுழையும் 22-ஆம் போர்ட்டே அடைந்துவிட்டது. இருந்த இடத்திலிருந்து எந்த சர்வருக்குள்ளும் போக முடியவில்லை. அன்று சேவூரிலிருந்து பல்லடம் வரை ஆறு இடத்துக்கும் நேரில் போய் மானிட்டர் மாட்டித் திறந்துவிட்டேன். கடைசி இடத்தை முடிக்க ராத்திரி பதினொன்று. கையால் செய்திருந்தால் தப்பு ஓர் இடத்தோடு போயிருக்கும், கருவியால் செய்ததால் ஆறும் அடைந்தன. 2024 ஜூலை 19-ல் ஒரு பாதுகாப்பு சாஃப்ட்வேரின் பிழையான அப்டேட் ஒன்றால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்று, விமானங்கள்கூட ரத்தானபோது, எனக்கு அந்த ராத்திரிதான் நினைவுக்கு வந்தது. அளவு வேறு, செய்த தப்பு ஒன்றுதான். அன்றிலிருந்து எந்த மாற்றத்தையும் முதலில் ஒத்திகையாக ஓட்டி என்ன மாறும் என்று பார்க்கிறேன். பிறகு ஒரே ஒரு சர்வரில் ஓட்டி, ஒரு நாள் விட்டுவைத்து, அதன் பிறகே மற்றவற்றில்.

இனி முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு நம் யூனிட்டுகள் ஒரு வாரம் மூடுகின்றன. ஆட்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள். அந்த வாரத்தில் ஒரு நாள், எதுவும் இல்லாத ஒரு காலி கம்ப்யூட்டரை உங்கள் அட்மினிடம் கொடுத்து, ‘நம்ம சர்வரை இதுல கட்டிக் காட்டுப்பா’ என்று சொல்லுங்கள். கோப்பும் பேக்கப்பும் மட்டும் கையில் இருக்க வேண்டும், பழைய சர்வரைத் தொடக்கூடாது. போன வாரத்து பில் ஒன்றைத் திறந்து பாருங்கள். திறந்தால் உங்களுக்கு பேக்கப் இருக்கிறது. பேக்கப் தினமும் எடுக்கப்படுகிறது என்ற பச்சை டிக்கை நம்பாதீர்கள். 2017 ஜனவரி 31-ல் ‘கிட்லேப்’ நிறுவனத்தில், ராத்திரி நேரத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுக் கோப்புகளை அழித்துவிட்டார். ஐந்து விதமாகக் காப்பு ஏற்பாடு செய்திருந்தும் அந்த நேரத்தில் அவற்றில் எதுவும் நம்பும்படி இல்லை. தற்செயலாக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த நகலால்தான் மீண்டார்கள். உலகமே தன் கோப்புகளைக் கொண்டுபோய் வைக்கும் இடத்துக்கே அந்தக் கதி. ஒளிக்காமல் அவர்களே அதை எல்லோருக்கும் சொன்னார்கள். அந்த நேர்மைக்காக அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

நான் பதினொரு நாள் எழுதிய கோப்புக்குச் சோதனையும் விரைவிலேயே வந்தது. அந்த நிறுவனத்தின் சர்வர் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. 2024 ஜூன் 30-ஓடு அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. புதிய பதிப்புக்கு மாற வேண்டிய கட்டாயம். கோப்பில் சில வரிகளைத் திருத்தி, புதுப் பெட்டியில் ஓட்டினேன். நாற்பது நிமிஷத்தில் சர்வர் தயாராகி எழுந்தது. தரவை இறக்கிச் சரிபார்க்க மீதி நாள் போனது. திங்கட்கிழமை காலை வந்தவர்களுக்கு எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. எழுத்தில் இல்லாத இன்னும் இரண்டு இடங்களை நான் பொறுப்பேற்றிருக்கிறேன். அங்கே பழைய பதிப்பு இன்றும் ஓடுகிறது. தொட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாததால் யாரும் தொடவில்லை. ஒவ்வொரு வரியாகத் தோண்டி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் தொழிலில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு பயம் இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் நம்மை எதற்கு வைத்துக்கொள்வார்கள் என்பது. என் அனுபவத்தில் நடந்தது வேறு. தலைக்குள் வைத்திருந்த காலத்தில் நான்கு இடம்தான் பார்க்க முடிந்தது, அதற்கே ராத்திரி தூக்கம் கிடையாது. இப்போது ஒன்பது இடம் பார்க்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கிளம்பி, போகும் வழியெல்லாம் வீட்டுக்காரருக்கு ‘இங்கே வந்துவிட்டேன், அங்கே வந்துவிட்டேன்’ என்று சொல்லிக்கொண்டு போன காலம் முடிந்தது. இந்த வேலைக்குப் பெண்கள் வருவதில்லை என்று சொல்கிறார்கள். ராத்திரி ஓட்டம்தான் பாதிப் பேரை நிறுத்துகிறது. சர்வர் கார்டில் இருந்தால் ராத்திரி ஓட்டம் குறையும், என் மகள் வயதுப் பிள்ளைகளை வீட்டில் தயங்காமல் அனுப்புவார்கள்.

முதலாளிகள் ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கோப்பும், கிட் கணக்கின் உரிமையும், கடவுச்சொற்களும் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். அட்மினின் சொந்த மெயிலில் இருக்கக்கூடாது. கடவுச்சொல்லை அப்படியே கோப்பில் எழுதாமல் பூட்டி வைக்க அன்சிபிளிலேயே வழி இருக்கிறது. பூட்டின் சாவி கம்பெனி லாக்கரில் உறையில் இருக்கட்டும். நான் பார்க்கும் ஏழு இடத்தில் இப்போது அப்படித்தான். அந்த உறை இருக்கும் இடம் எனக்கும் முதலாளிக்கும் தவிர மூன்றாவதாக ஒருவருக்கும் தெரியும்.

கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் எத்தனையோ பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. பிள்ளைகள் நன்றாகப் படித்துவிட்டு வருகிறார்கள். என்னிடம் பழக வந்த நால்வருமே புரோகிராம் எழுதுவார்கள். ஆனால் ஓடாத ஒரு சர்வர் முன்னால் உட்கார வைத்தால் கை நேராக ரீஸ்டார்ட் பட்டனுக்குப் போகிறது. லாக்கைப் படி என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. கடைசி வருஷத்தில் ஒரு பருவம், வாரம் ஒருமுறை, வேண்டுமென்றே கெடுத்து வைத்த ஒரு லினக்ஸ் பெட்டியைக் கொடுங்கள். தேதியைப் பின்னால் தள்ளி வையுங்கள், ஒரு போர்ட்டை அடையுங்கள், டிஸ்க்கை நிரப்புங்கள், அனுமதியை மாற்றுங்கள். கண்டுபிடித்ததும் சரிசெய்துவிட்டு எழுந்து போகக்கூடாது. அதே பழுது மறுபடி வராதபடி கோப்பு எழுதி, ஆசிரியர் முன்னால் இரண்டு முறை ஓட்டிக் காட்ட வேண்டும். இரண்டாவது முறை எதுவும் மாறவில்லை என்று வந்தால் மார்க். பழைய கம்ப்யூட்டர் நான்கு இருந்தால் போதும், பெரிய செலவு கிடையாது.

நான் வைத்திருக்கும் கோப்பில் நிறுவனங்களின் விவரங்களை நீக்கிவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் தமிழில் விளக்கம் எழுதிய ஒரு நகலைத் தயார் செய்திருக்கிறேன். கெடுத்து வைத்த பதினான்கு பழுதுகளின் பட்டியலும் சேர்ந்திருக்கிறது. முதல் பழுது அந்தத் தேதிதான். என் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. கல்லூரியோ பாலிடெக்னிக்கோ தொழிற்பயிற்சி நிலையமோ கேட்டு எழுதினால் எனக்கு அனுப்பி வையுங்கள், இலவசமாகக் கொடுத்து, முதல் வகுப்புக்கு நானும் வருகிறேன். மாதாந்திர ஷட் டவுன் இல்லாத நாளாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
நிறுவனங்களின் நலன் கருதிப் பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளும்
வாசகி,
அவிநாசி.